தூக்கத்தில் எடுத்த அளவு

தாடை ஆபரேஷன் என்றதும் "அழகுக்கா?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிவிட்டது. அந்தக் கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னோடு பள்ளியில் படித்த ஒருவரைப் பார்த்தேன். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டுவிட்டு, "இருக்கிற மூஞ்சிய வச்சுப் பொழைக்காம எலும்ப அறுத்துக்கிட்டு என்னத்துக்குய்யா? எல்லாம் கொழுப்பு" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவருடைய பஸ் வந்துவிட்டது. தப்பித்தார்.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்த்த பல் லேபில் இப்போது கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்துவிட்டன. அங்கே வேலை பார்க்கும் வீரசோழன் ஊர்ப் பெண் ரெஹானா போனில் ஒரு கேள்வி கேட்டாள். "கையால செஞ்ச காலத்துல, எந்த எடத்துலண்ணே தப்பு வரும்?" எது சரியாக வந்தது என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பெருமையடித்துவிட்டுப் போனை வைத்திருப்பேன். தப்பைக் கேட்டதால் யோசிக்க வேண்டியதாயிற்று.

நான் டாக்டர் இல்லை, பல் டெக்னீஷியன். சொந்த ஊரான எம்.ரெட்டியபட்டியின் பருத்திக்காட்டு வெயிலுக்குப் பயந்து மதுரையில் இரண்டு வருடம் இந்தப் படிப்பைப் படித்தேன். பிளாஸ்டர் கரைக்கவும் மெழுகு உருக்கவும் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவதுதான் எனக்குச் சரியாக வரவில்லை. அருப்புக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் பல் பிரிவு தொடங்கியபோது சேர்ந்தவன், முப்பத்தொரு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். முதல் பாதி முழுக்கப் பல் செட்டுதான். பிறகு டாக்டர் மங்கை வந்தார். ஊரில் அவரைக் 'கம்பி டாக்டரம்மா' என்பார்கள், கோணல் பல்லைக் கம்பி போட்டு நேராக்குகிறவர். அவர் வந்த பிறகுதான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் எங்களிடம் வரத் தொடங்கினார். வெள்ளி மதியம் வருவார், சனிக்கிழமை ஆபரேஷன் செய்வார். அவரை நாங்கள் 'பெரிய டாக்டர்' என்போம்.

கம்பியும் ஆபரேஷனும் எதற்குச் சேர்ந்து வரவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் குட்டையான கட்டில் இருக்கிறது என்று வையுங்கள். ஆடாமல் இருக்க அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகிச் சமாளிப்போம். தாடை எலும்பு குட்டையாகவோ நீளமாகவோ வளர்ந்துவிட்டால் பற்களும் இப்படித்தான் சாய்ந்து வளைந்து சமாளித்துக்கொள்கின்றன. கம்பி டாக்டரம்மா முதலில் அந்தச் சில்லை எடுத்துவிடுவார். பற்களை அததன் எலும்பில் நேராக நிறுத்துவார். அப்போது கட்டில் முன்னைவிட அதிகமாக ஆடும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், முகம் இன்னும் மோசமாகத் தெரியும். ஒன்றரை வருடம் இப்படிப் போகும். அதன் பிறகு பெரிய டாக்டர் வந்து கட்டில் காலையே சரிசெய்வார். ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் சில மாதம் கம்பி. நடுவில் பாதியில் நிறுத்தினால் வந்ததைவிட மோசமான முகத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் இதில் இறங்கினவர்கள் கரையேறியே ஆகவேண்டும்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான். வாயின் அளவெடுத்துப் பிளாஸ்டரில் மேல் பல் வரிசையும் கீழ்ப் பல் வரிசையும் வார்ப்பேன். நோயாளி கடித்துக் கொடுத்த மெழுகுத் தகட்டை நடுவில் வைத்து இரண்டையும் வாய் போலத் திறந்து மூடும் ஒரு பித்தளைச் சட்டத்தில் பூட்டுவேன். பிளாஸ்டரில் பென்சிலால் கோடு கிழித்து, வாளால் அறுத்து, பெரிய டாக்டர் சொன்ன மில்லிமீட்டர் கணக்குக்கு நகர்த்தி ஒட்டுவேன். அவர் மறுநாள் எலும்பில் செய்யப் போவதை நான் முதலில் பிளாஸ்டரில் செய்கிறேன், அவ்வளவுதான். அந்த நகர்த்திய நிலைக்கு அக்ரிலிக்கில் இரண்டு தகடு செய்வேன். ஆபரேஷனில் முதலில் மேல் தாடையை அறுத்து விடுவித்து முதல் தகட்டை வைப்பார். அறுக்காத கீழ்த் தாடையோடு அந்தத் தகடு எங்கே பொருந்துகிறதோ அதுதான் மேல் தாடையின் புது இடம். அதைத் திருகாணி போட்டு நிறுத்திவிட்டு, இரண்டாவது தகட்டை வைத்துக் கீழ்த் தாடையை நகர்த்துவார். ஆக, முதல் தகடு பிசகினால் முகமே பிசகும்.

பெரிய டாக்டர் திருநெல்வேலிக்காரர். உட்காரவே மாட்டார். லேபுக்குள் நின்றபடியேதான் எல்லாம். தகட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கழுவித் துடைத்து, மாடலில் அவரே வைத்து, சுண்டு விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றி வருவார். நகம் எங்கேயாவது தட்டினால் தகடு திரும்பி வரும். திட்ட மாட்டார். சந்தோஷமாக இருந்தால் "ஏலே தங்கவேலு" என்பார். சாதாரணமாக இருந்தால் "தங்கவேலு". கோபம் வந்தால் "ஐயா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

இப்போது முனியசாமிக்கு வருகிறேன்.

பரளச்சிக்காரர். முப்பத்தெட்டு வயது. லோடு வேன் டிரைவர். விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்திலிருந்து கரி மூட்டை, சீசனில் மக்காச்சோளம், பருத்தி. பெரிய மீசை வைத்திருந்தார். மீசைக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி தாடை இல்லை, உதடு முடிந்ததும் கழுத்து தொடங்கிவிட்டது போல இருக்கும். மனைவி செல்வியோடு வந்தார். டாக்டர் மங்கை இரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மடித்தபோது இடது புஜம் முழுக்கக் கன்றிப்போய் நீலமும் பச்சையுமாக இருந்தது.

"இது என்ன காயம்?" என்றார் டாக்டர்.

"நான்தான் கிள்ளுனேன் டாக்டரம்மா" என்றார் செல்வி, கொஞ்சமும் கூசாமல். "கிள்ளலைன்னா தூங்கிருவாக."

விஷயம் இதுதான். தூங்கும்போது குட்டைத் தாடையும் நாக்கும் பின்னால் விழுந்து மூச்சுக் குழலை அடைத்துக்கொள்ளும். குறட்டை நின்று, மூச்சு நின்று, திணறி எழுவார். இராத்திரி முழுக்க இதே கதை. பகலில் கண் சொருகும். ஒருமுறை கரி லோடோடு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் விழித்திருக்கிறார். அன்றிலிருந்து செல்வி மில் வேலையை விட்டுவிட்டு வண்டியில் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பேச்சுக் கொடுப்பது, பதில் வரவில்லை என்றால் கிள்ளுவது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் மெஷின் ஒன்றை மதுரையில் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார். மிச்சம் இருந்தது இரண்டு தாடையையும் முன்னால் கொண்டுவரும் ஆபரேஷன்தான். பஸ் ஸ்டாண்டில் கேட்ட நண்பரே, கொழுப்பு இல்லை. ரோட்டில் எதிரே வரும் பஸ்ஸில் நீங்களும் இருந்திருக்கலாம்.

கம்பி போடுவதே பெரும்பாடாக இருந்தது. எங்கள் பக்கம் சில ஊர்த் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குப் பல் பழுப்பேறிச் சொரசொரவென்று இருக்கும். அந்தப் பல்லில் பசை பிடிக்காது. ஒட்டிய கொக்கிகள் ஒரு வாரத்தில் கையோடு வந்துவிட்டன. டாக்டர் மங்கை விடவில்லை. "ஒட்டுனா வருது, மாட்டுனா வராதுல்ல?" என்று ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக எஃகு வளையம் செய்யச் சொன்னார். முன் பல்லுக்குக்கூட வளையம் போட்டு வேலை செய்தவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். முனியசாமி வாயைத் திறந்தால் எவர்சில்வர் கடை மாதிரி இருந்தது.

ஒன்றரை வருடத்தில் கீழ்ப் பற்கள் நேராக நிமிர்ந்தன. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே பெருவிரல் போகும் இடைவெளி. "என்ன டாக்டரம்மா, இருந்ததையும் கெடுத்துட்டீகளே" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கேட்டுவிட்டு அடுத்த மாதம் சொன்ன தேதிக்கு வந்துவிடுவார்.

ஆபரேஷனுக்குப் பத்து நாளைக்கு முன் மெழுகுக் கடி எடுத்தோம். நான் மெழுகைச் சூடாக்கிக் கொடுக்க, டாக்டர் மங்கை வாயில் வைத்தார். "கடிங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லா கடிங்கண்ணே" என்று உற்சாகப்படுத்தினேன். முனியசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போட்டோவுக்கு நிற்பது போல முகத்தை வைத்துக்கொண்டு அழுத்திக் கடித்தார்.

மெழுகை லேபுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் ஆழமான குழிக்கும் பின்னால் மெல்லிய கீறல் போல இன்னொரு தடம் இருந்தது. இடது பக்கமும் இருந்தது, வலது பக்கமும் இருந்தது. வாயில் வைக்கும்போது மெழுகு வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். என் வேலையில் சுத்தம் ஒன்றுதான் நான் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம். கத்தியை விளக்கில் காட்டி அந்த இரண்டாவது தடத்தை நேர்த்தியாக வழித்துவிட்டேன். மெழுகு பளபளவென்று ஆனது. மாடலைப் பூட்டினேன், அறுத்தேன், நகர்த்தினேன், தகடு செய்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம். முனியசாமியும் செல்வியும் அட்மிஷனுக்கு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேஷனுக்காக அன்று காலையில்தான் அவர் மீசையை எடுத்திருந்தார். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு நான் திரும்பி வரும்போது பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் பாதி மூடியிருந்தது. மீசை இல்லாததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தாடை நான் பூட்டி வைத்திருந்த இடத்தில் இல்லை. அங்கிருந்து ஒரு அரிசி நீளத்துக்குப் பின்னால் கிடந்தது.

அந்த இரண்டாவது தடம் நினைவுக்கு வந்தது. மெழுகு வழுக்கவில்லை. முதலில் தாடை அதன் உண்மையான இடத்தில் மெழுகைத் தொட்டிருக்கிறது, அப்புறம்தான் மனிதர் அதை முன்னால் தள்ளி அழுத்தியிருக்கிறார். மெழுகு உண்மையைக் காட்டியது. நான் அதைச் சுத்தம் செய்துவிட்டேன். இந்தக் கணக்கில் செய்த முதல் தகட்டை வைத்தால், மயக்கத்தில் தாடை பின்னால் கிடக்கும்போது மேல் தாடையும் அந்த அளவுக்குப் பின்தங்கி நிற்கும். அதோடு சேரும் கீழ்த் தாடையும் அப்படியே. மூச்சுக் குழலுக்காகச் சேர்க்க வேண்டிய இடத்தில் பாதி போய்விடும். எலும்பையும் அறுத்து, குறட்டையும் மிஞ்சும்.

டாக்டர் மங்கையிடம் ஓடினேன். அவர் வெளியே வந்து பார்ப்பதற்குள் முனியசாமி விழித்துவிட்டார். டாக்டரைக் கண்டதும் சட்டென்று எழுந்து வணக்கம் வைத்தார். வணக்கத்தோடு தாடையும் முன்னால் வந்து நின்றது.

"சரியாத்தானே இருக்கு தங்கவேலண்ணே?" என்றார் டாக்டர் மங்கை. "எக்ஸ்ரேயும் இதே மாதிரிதான் இருக்கு."

"எக்ஸ்ரே எடுக்கிறப்பவும் முழிச்சுத்தானே இருந்தாரு டாக்டரம்மா. உள்ள கூட்டிட்டுப் போயி நாற்காலியச் சாச்சு விடுங்க. அஞ்சு நிமிசம் யாரும் பேச வேணாம். நான் சொல்றது தப்பா இருந்தா நாளையிலருந்து எனக்கு வேலை வேணாம்."

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்தான். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. முனியசாமியை உள்ளே அழைத்துப் படுக்க வைத்தார். விளக்கை அணைத்து மின்விசிறியைப் போட்டோம். "நாக்கை மடக்கி அண்ணத்தைத் தொட்டுக்கிட்டு, சும்மா கண்ண மூடிக்கங்க" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குறட்டை கேட்டது. டாக்டர் மங்கை இரண்டு கையாலும் அவருடைய மோவாயை மெல்லப் பிடித்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார், சூடான மெழுகின் மேல் மூடினார். முனியசாமி எழவில்லை. மெழுகு ஆறியதும் எடுத்துக் கொடுத்தார். பழைய மாடலில் வைத்து அளந்தேன். நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

பெரிய டாக்டர் மூன்றரைக்கு வந்தார். டம்ளர் தண்ணீரைத் தயாராக வைத்திருந்தேன். தகட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"சார், அந்தத் தகடு தப்பு" என்றேன்.

கை நின்றது. வழித்ததைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மெழுகு, புது மெழுகு, அளவு. அவர் பழைய மெழுகை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார்.

"முந்தின மெழுகுல ரெண்டு தடம் இருந்துச்சுன்னு சொல்லுதீங்க. எனக்கு ஒண்ணுதானே தெரியுது?"

"நான்தான் வழிச்சேன் சார்."

"எதுக்கு வழிச்சீங்க, ஐயா?"

"அசிங்கமா இருந்துச்சு சார். சுத்தம் பண்ணேன்."

அவர் வந்துபோன அத்தனை வருடத்திலும் அன்று ஒருநாள்தான் அவர் என் லேபில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கேட்டிருக்கணும், மங்கையும் யோசிச்சிருக்கணும். படுக்க வச்சு எடுத்தியளான்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு எழுந்தார். "நாளைக்குக் கேஸ் கிடையாது. அவசர அவசரமா இன்னைக்கே புதுசு செய்யாதீங்க. முதலேருந்து மாடல் ஊத்துங்க. இந்த முதல் தகட்ட என் கண்ணு முன்னால ஒடைங்க, ஐயா."

பலகையில் வைத்து மரச் சுத்தியலால் ஒரு அடி அடித்தேன். பத்து நாள் வேலை இரண்டாகப் போனது. கண்ணில் நீர் வந்தது, பிளாஸ்டர் தூசி என்று சொல்லிக்கொள்ள வழியில்லை, அன்றைக்கு நான் பிளாஸ்டர் தொடவில்லை.

ஆபரேஷன் இல்லை என்று பெரிய டாக்டரே போய்ச் சொன்னார். முனியசாமி எகிறிவிட்டார்.

"ரெண்டு வருசமா வாய்க்குள்ள இரும்ப மாட்டி விட்டீக. பல்லு இளிச்சுக்கிட்டு நிக்கிது. மீசையையும் எடுத்துட்டு வந்துட்டேன். இப்பப் போயிட்டு வான்னா, ஊர்ல எப்படிய்யா போயி நிப்பேன்? மீசையக் காணோமே, வீட்ல யாரு செத்தாகன்னு கேப்பாகய்யா!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் அப்பனோ ஆத்தாளோ போனால்தான் மீசையை எடுப்பார்கள். அவருடைய அப்பா நன்றாகத்தான் இருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு, "இனி இந்தப் பக்கம் வந்தா ஏன்னு கேளுங்க" என்று படியிறங்கினார். செல்வி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாரத்துக்கு மேல் முனியசாமி போன் எடுக்கவில்லை. புது அளவுக்கு மாடலும் தகடும் தயாராகிக்கொண்டிருந்தன, ஆனால் வாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. பத்தாம் நாள் காலையில் பரளச்சி பஸ்ஸில் ஏறினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

முனியசாமி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மேலுதட்டில் ஒரு வாரத்து முடி. என்னைக் கண்டதும் குழாயை மூடாமலே உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணே, தப்பு டாக்டர் மேல இல்ல. என் மேல" என்றேன். மெழுகையும் தடத்தையும் நான் வழித்ததையும் சொன்னேன். "உங்க தாடை சரியான எடத்தக் காட்டுச்சு. நான்தான் அழிச்சுட்டேன். பழைய தகட்ட வச்சு ஆபரேசன் நடந்திருந்தா, மறுபடியும் தங்கச்சி உங்களக் கிள்ளிக்கிட்டே வரணும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பள்ளிக்கொடத்துல எல்லாப் பயலும் தாடையில்லான்னுதான் கூப்புடுவான். பத்தாப்புக்குப் போட்டோ எடுக்கிறப்ப எங்கய்யா சொன்னாரு, ஏலே, தாடைய முன்னாடித் தள்ளிக்க, அப்பத்தான் ஆம்பள மாதிரி இருப்பேன்னு. அன்னைலருந்து யாராச்சும் பாத்தா அதுவா முன்னாடி வந்துரும்ணே. எனக்கே தெரியாது. டாக்டர் கடின்னாக. பெரிய மனுசக முன்னாடி மரியாதையாக் கடிக்கணும்ல?"

ஒரு டாக்டர், ஒரு டெக்னீஷியன், இரண்டு எக்ஸ்ரே, எல்லாரையும் அந்த மனிதர் மரியாதைக்காகவே ஏமாற்றியிருக்கிறார். இருபது வருடத்துக்கும் மேலாக முழித்திருக்கும் நேரமெல்லாம் தாடையைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார்.

"வாங்கண்ணே, பாத்துக்கிருவோம்" என்றேன்.

"இன்னொரு தடவ மீசைய எடுக்க முடியாதுண்ணே. ஊரே சிரிக்கும்."

வாசலில் நின்ற செல்வி போய்க் குழாயை மூடினார். "இந்தா பாருங்க. நான் வண்டில ஏறி ரெண்டரை வருசமாச்சு. மில்லுல என் கூடச் சேந்தவளுக எல்லாம் சூப்பர்வைசரு. உங்கள முழிக்க வைக்கிறதுதான் எனக்கு வேலை. இந்தச் சனிக்கெழமை நீங்க வரலைன்னா, திங்கக்கெழம நான் வண்டில ஏற மாட்டேன். தனியாப் போயிட்டு வாங்க. திரும்பி வந்தா வாங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார்.

முனியசாமி மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "மூணு மணி பஸ்ஸுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லண்ணே. நானே கொண்டாந்து விடுறேன்" என்றார். வருகிறேன் என்பதற்கு அவர் சொன்ன வார்த்தை அதுதான். செல்வியும் ஏறிக்கொண்டார். வழியில் இரண்டு முறை கிள்ளினார்.

அந்தச் சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பெரிய டாக்டர் சொல்லி அன்றைக்கு நானும் தியேட்டருக்குள் பச்சை உடுப்பில் ஓர் ஓரமாக நின்றேன். மேல் தாடை விடுபட்டதும் முதல் தகட்டை வைத்தார். கீழ்த் தாடையைப் பின்னால் தாங்கிப் பிடித்து மூடினார். எல்லாப் பல்லும் அததன் குழியில் போய் உட்கார்ந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஏலே தங்கவேலு, தகடு உக்காந்துட்டு" என்றார். முகமூடிக்குள் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் தாடையை ரப்பரால் கட்டியிருந்தார்கள். கேப்பைக் கூழும் பருப்புத் தண்ணியும்தான். மனிதர் எட்டு கிலோ இளைத்தார். வீட்டுக்குப் போன பிறகு முதல் செக்கப்புக்கு வந்தபோது செல்வியிடம், "குறட்டை எப்படி?" என்று டாக்டர் மங்கை கேட்டார். "சத்தமே இல்ல டாக்டரம்மா. பயந்துபோயி மூக்குல கை வச்சுப் பாத்தேன். மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரல" என்றார். மதுரையில் மறுபடி எடுத்த தூக்கப் பரிசோதனையும் அதையே சொன்னது. அடுத்த எட்டு மாதம் டாக்டர் மங்கை பல்லுக்குப் பல் நெருக்கிச் சரிசெய்து, வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ரெஹானாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். தப்பு வரும் இடம் சுத்தம் செய்யும் இடம். பிளாஸ்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தத் தூசியில் இருமினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் முனியசாமி தாடையைத் தள்ளிக் கடித்தால் ஸ்கேனரும் தள்ளிய கடியைத்தான் படம் பிடிக்கும். "இதுலயும் மேடு பள்ளத்த நெரவுறதுக்கு ஒரு பட்டன் இருக்குண்ணே" என்றாள் ரெஹானா. "அத அமுக்குறதுக்கு முன்னாடி வராந்தாவுல போயி ஆளப் பாரு" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் அந்த நண்பர் தப்பித்துப் போனார் என்றேன் அல்லவா? எனக்கு வரவேண்டிய திருச்சுழி பஸ் அன்றைக்கு வரவில்லை. மகள் வீட்டுக்குப் போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டாண்டுக்கு வெளியே வந்து நின்றபோது ஒரு லோடு வேன் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே. திருச்சுழிக்குத்தான் லோடு."

மீசை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே இப்போது ஒரு தாடை, யாரும் பிடிக்காமல் தானாக நின்றது. பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

"தங்கச்சி எங்க?"

"மில்லுக்குப் போயிருக்காண்ணே. பகல் ஷிப்டு."

ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலில் அனல் காற்று. முனியசாமி இந்த வருடத்து மழையைப் பற்றி, கரி வியாபாரத்தைப் பற்றி, மகனின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். நானும் உம் கொட்டிக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என் தோளைத் தட்டியதுதான் தெரியும்.

"எந்திரிங்கண்ணே, திருச்சுழி வந்திருச்சு. நல்லாத் தூங்கிட்டீக."